எச்-இண்டெக்ஸ் 38, எச்-இண்டெக்ஸ் 9: அப்பாவை யாரிடம் காட்டுவது?

கேள்வி: வணக்கம் ஐயா. என் அப்பாவுக்கு வயது 64, எட்டு வருஷமாகப் பார்க்கின்சன் நோய். முன்பெல்லாம் ஒரு சின்டோபா மாத்திரை ஐந்து மணி நேரம் தாங்கும், இப்போது இரண்டரை மணி நேரத்தில் உடம்பு கட்டிக்கொள்கிறது. இங்கே பார்க்கும் டாக்டர், மூளைக்குள் மின்முனை வைக்கும் டிபிஎஸ் சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம் என்று சொல்லி, சென்னையில் இரண்டு நரம்பியல் மருத்துவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தார். கல்லூரியில் படிக்கும் என் மகன், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் தேடிப் பார்த்தான். முதல் டாக்டருக்கு 212 கட்டுரைகள், 6,400 மேற்கோள்கள், எச்-இண்டெக்ஸ் 38. இரண்டாமவருக்கு 27 கட்டுரைகள், 410 மேற்கோள்கள், எச்-இண்டெக்ஸ் 9. முதலாமவர் 'உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்' பட்டியலிலும் இருக்கிறாராம். இரண்டாமவரிடம் ஒரு முறை போனோம், முக்கால் மணி நேரம் அப்பாவை நடக்கவிட்டு, எழுதவிட்டுப் பார்த்தார். 'நாலு மடங்கு வித்தியாசம், இதில் யோசிக்க என்னம்மா இருக்கு' என்கிறான் மகன். இந்த எண்களை நம்பி முடிவெடுக்கலாமா?
- கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: சகோதரிக்கு வணக்கம். நான் டாக்டர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கல்லூரி நூலகத்தில் 22 வருஷமாக வேலை பார்ப்பவன். பதவி உயர்வு, நேர்காணல், விருது விண்ணப்பம் என்று டாக்டர்கள் வந்து நிற்கும்போது அவர்களுடைய கட்டுரைப் பட்டியலையும், அந்தக் கட்டுரைகளை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை தடவை எடுத்துக்காட்டினார்கள் என்ற மேற்கோள் கணக்கையும் எடுத்து, அச்சடித்து, சரிபார்த்துக் கொடுப்பது என் வேலையில் பாதி. ஆகவே அப்பாவுக்கு டிபிஎஸ் வேண்டுமா வேண்டாமா என்பதில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன். ஆனால் அந்த 38-ம் 9-ம் எங்கிருந்து வந்தன, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் ராத்திரி முழுக்கப் பேசுவேன்.

நீங்கள் அனுப்பிய இரண்டு இணைப்புகளையும் திறந்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தேன். முதல் டாக்டரின் பட்டியலில் பாதி தூரம் போனதுமே சிரிப்பு வந்துவிட்டது. வலிப்பு நோய், வலிப்பு நோய், பக்கவாதம், மறுபடி வலிப்பு நோய், அப்புறம் நிலக்கடலையில் டிக்கா இலைப்புள்ளி நோய்! கொஞ்சம் கீழே துவரையில் மலட்டுத் தேமல் நோய். ஒவ்வொன்றாக எண்ணியதில் 61 கட்டுரைகள் யாரோ ஒரு வேளாண்மைக்காரருடையவை. அதே பெயர், அதே இனிஷியல். டாக்டர் திருடிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். புதுக் கட்டுரைகளைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும்படி ஒரு வசதி கூகுள் ஸ்காலரில் உண்டு, அதைப் போட்டுவிட்டுப் பிறகு திரும்பிப் பார்க்காமல் விட்டவர்கள் ஏராளம். இயந்திரம் பெயரைப் பார்த்துச் சேர்க்கிறது, கடலைக்கும் மூளைக்கும் அதற்கு வித்தியாசம் தெரிவதில்லை.

நம் ஊர்ப் பெயர்களில் இது தீராத தலைவலி. எஸ். கார்த்திகேயன் என்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஜர்னலின் படிவம் குடும்பப் பெயர் என்ன என்று கேட்கும். ஒரு தடவை கார்த்திகேயன் என்றே போட்டுவிடுவார். அடுத்த தடவை பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி இனிஷியலை விரித்து, அப்பா பெயரான சுப்பிரமணியனைக் குடும்பப் பெயர் ஆக்கிவிடுவார். கணினியின் கணக்கில் அவர் இப்போது இரண்டு ஆள், உழைப்பு இரண்டாகப் பிரிந்து கிடக்கும். இன்னொரு பக்கம், தமிழ்நாட்டில் இருக்கிற அத்தனை எஸ். கார்த்திகேயன்களும் ஒரே ஆளாகி, ஒரு மகா விஞ்ஞானி உருவாகிவிடுவார். இதற்காகவே 2012-ல் ஆர்கிட் என்று ஆய்வாளர்களுக்கு 16 இலக்க எண் ஒன்று வந்தது, ஆதார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். எண் வாங்குவதோடு சரி, கட்டுரைகளை அதில் சேர்க்க யாருக்கும் நேரம் இல்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு பேராசிரியருக்கு அடுத்தவர் கட்டுரைகளை எல்லாம் கழித்துவிட்டுக் கணக்கு கொடுத்தேன். எச்-இண்டெக்ஸ் 19 என்று நினைத்து வந்தவர் கையில் 12 என்று போட்ட தாள் போனது. ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

சரி, இந்த எச்-இண்டெக்ஸ் என்றால் என்ன? 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் இருப்பவர், போட்டுக் கொடுத்த கணக்கு. உங்கள் இரண்டாவது டாக்டரின் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். அதிக மேற்கோள் பெற்றதிலிருந்து வரிசைப்படுத்தினால் 96, 71, 48, 37, 29, 22, 17, 12, 10, அப்புறம் 8 என்று இறங்குகிறது. ஒன்பதாவது கட்டுரைக்கு 10 மேற்கோள், அதாவது ஒன்பதுக்குக் குறையவில்லை. பத்தாவதற்கு எட்டுதான், பத்தைத் தொடவில்லை. ஆகவே எச்-இண்டெக்ஸ் 9. அவ்வளவுதான் சூத்திரம், உங்கள் மகன் நோட்டில் போட்டுப் பார்க்கலாம். முதல் கட்டுரையின் 96 நாளைக்கே 9,600 ஆனாலும் இந்த 9 அசையாது. வாழ்நாளில் ஐந்தே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றையும் ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் அவருடைய எச்-இண்டெக்ஸ் 5தான்.

இது வயதோடு ஏறும், இறங்கவே இறங்காது. ஆள் ஓய்வுபெற்று வீட்டில் பேரனோடு விளையாடிக்கொண்டிருந்தாலும் ஏறும். அதனால்தான் ஹிர்ஷே, ஆய்வுலகில் எத்தனை வருஷமாக இருக்கிறாரோ அதால் வகுத்துப் பாருங்கள் என்றார். வகுத்துப் பார்த்தேன். முதல் டாக்டருக்குக் கடலையையும் துவரையையும் கழித்தால் 151 கட்டுரைகள். அதில் ஒன்று, உலக நாடுகளின் நோய்ச்சுமை பற்றிப் பல நூறு பேர் சேர்ந்து கையெழுத்திட்ட கட்டுரை. அது ஒன்றுக்கு மட்டும் 1,900 மேற்கோள். பெரிய வேலைதான், ஆனால் அதில் இவருடைய பங்கு எவ்வளவு என்பது கட்டுரையைப் பார்த்துத் தெரிகிற விஷயம் இல்லை, அதனால் அதையும் ஓரமாக வைத்தேன். 6,400 மேற்கோள் ஏறக்குறைய 3,200 ஆகிவிட்டது. எச்-இண்டெக்ஸ் 24க்கு வந்தது, அந்த இறக்கத்தில் முக்கால்வாசிக்கு மேல் கடலைக்காரரால்தான். ராட்சசக் கட்டுரை ஒன்றைக் கழித்தால் மொத்தம் படுத்துவிடும், எச்-இண்டெக்ஸ் ஒன்றுக்கு மேல் குறையாது. இவர் முதல் கட்டுரை எழுதி 31 வருஷம், இரண்டாமவர் எழுதி 13 வருஷம். 24-ஐ 31-ஆல் வகுத்தால் 0.77, 9-ஐ 13-ஆல் வகுத்தால் 0.69. மகன் சொன்ன நாலு மடங்கு வித்தியாசம் எங்கே போயிற்று?

இன்னொன்று, கூகுள் ஸ்காலர் தாராள மனசுக்காரர். முனைவர் பட்ட ஆய்வேடு, மாநாட்டுத் தாள், ஜர்னலில் ஏறாத முன்வரைவு எல்லாவற்றிலும் வரும் மேற்கோளை எண்ணும். மேற்கோள் எண்ணும் மற்ற தரவுத்தளங்களான ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் இரண்டும் தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டும் எண்ணுவதால் அதே ஆளுக்கு அங்கே எண் குறையும். எந்தக் கடைத் தராசு என்று கேட்காமல் எடையைப் பேசாதீர்கள்.

ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று, உங்கள் மகன் எண்ணைப் பார்த்த வேகத்தில் தலைப்புகளைப் படிக்காமல் விட்டது. முதல் டாக்டரின் 151 கட்டுரைகளில் 90க்கு மேல் வலிப்பு நோய், மிச்சத்தில் பெரும்பகுதி பக்கவாதம். பார்க்கின்சன் பற்றி 9. அதில் டிபிஎஸ் 3, மூன்றிலும் அவர் பெயர் நடுவில் எங்கோ இருக்கிறது. இரண்டாமவரின் 27-ல் 20 கட்டுரைகள் பார்க்கின்சனும் அதை ஒட்டிய இயக்கக் கோளாறுகளும், டிபிஎஸ் பற்றி மட்டும் 12. முதலாமவர் வலிப்பு நோயில் பெரிய ஆள், சந்தேகமே இல்லை, என் வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்தால் அவரைத்தான் தேடிப் போவேன். உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது வேறு நோய்.

பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்றேனே, அதற்கு ஒரு சின்ன விளக்கம். மருத்துவக் கட்டுரையில் முதல் பெயர் பெரும்பாலும் இறங்கி வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் அந்த வேலையை வழிநடத்தியவருடையது. நடுவில் இருப்பவர்கள் ரத்தப் பரிசோதனை செய்தவராக இருக்கலாம், புள்ளிவிவரம் போட்டவராக இருக்கலாம், வெறுமனே துறைத்தலைவராகவும் இருக்கலாம். துறையிலிருந்து என்ன வெளியே போனாலும் தலைவர் பெயரையும் போட்டுவிட வேண்டும் என்ற வழக்கம் பல இடங்களில் உண்டு, யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. இரண்டாமவர் அந்த 12 டிபிஎஸ் கட்டுரைகளில் 9-ல் முதலிலோ கடைசியிலோ இருக்கிறார்.

அந்தப் பன்னிரண்டில் ஒன்றை நான் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். எட்டாவது இடத்தில் வெறும் 12 மேற்கோளோடு கிடக்கிறதே, அதுதான். தாங்கள் டிபிஎஸ் வைத்த நோயாளிகளில் எத்தனை பேருக்குக் கிருமித் தொற்று வந்தது, எத்தனை பேருக்கு மின்முனையின் இடத்தை மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது, யாருக்குப் பேச்சு குழறியது என்று அட்டவணை போட்டு எழுதியிருக்கிறார்கள். இப்படி எழுதினால் மேற்கோள் குவியாது. தங்கள் தவறையும் எண்ணி வைத்திருக்கிற இடம் என்று மட்டும் தெரிகிறது, 22 வருஷம் இந்தத் தாள்களைப் புரட்டியவன் என்கிற முறையில் எனக்கு அதில் ஒரு நம்பிக்கை.

எது மேற்கோள் வாங்குகிறது என்பதே தனிக் கதை. அப்பாவின் ஃபைலைத் திறந்தால் எங்காவது 'ஹோன்-யார் நிலை 3' என்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். 1967-ல் மார்கரெட் ஹோன், மெல்வின் யார் இருவரும் நியூயார்க்கில் பார்த்த நூற்றுக்கணக்கான நோயாளிகளின் கோப்புகளை வைத்து, நோய் எப்படி நகர்கிறது என்பதை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். அந்தக் கட்டுரையை இதுவரை பல்லாயிரம் பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், காரணம் அது எல்லோருக்கும் தேவைப்படுகிற அளவுகோல். ஐசியுவில் நினைவு எவ்வளவு இருக்கிறது என்று 15-க்கு எண் போடுகிறார்களே, அந்த கிளாஸ்கோ அளவுகோலும் 1974-ல் வந்த ஒரு கட்டுரைதான். அளவுகோல் செய்தவனுக்கு மேற்கோள் கொட்டும், அதை வைத்து ஆயிரம் பேரைப் பார்த்தவனுக்குக் கொட்டாது. இன்னொரு பக்கம் ஜேம்ஸ் பார்க்கின்சனைப் பாருங்கள். 1817-ல் ஆறே ஆறு பேரை வைத்து இந்த நோயைப் பற்றி எழுதினார், அதிலும் சிலர் அவர் தெருவில் கண்டவர்கள். பல பத்தாண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பாரிஸில் ஷார்க்கோ என்ற நரம்பியல் மருத்துவர் எடுத்துப் பேசி, நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே வைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. 1970-ல் மெட்ராஸில் மீனாட்சிசுந்தரம், ஜெகநாதன், ராமமூர்த்தி என்ற மூன்று டாக்டர்கள் 'நியூராலஜி இந்தியா' இதழின் இணைப்பில் சில பக்கங்கள் மட்டும் உள்ள கட்டுரை ஒன்று எழுதினார்கள். சின்ன வயதிலேயே கை கால் மெலிவது, முகத்திலும் தொண்டையிலும் தசை பலவீனம், கூடவே காது கேளாமை என்று ஒரு தனி வகை நரம்பு நோயைப் பிரித்துக் காட்டியது. இன்றைக்கும் உலகம் முழுக்க அதை 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றுதான் சொல்கிறார்கள். அரிய நோய், அதைப் பற்றி எழுதுகிறவர்களே கொஞ்சம் பேர், அப்புறம் மேற்கோள் எங்கிருந்து வரும்?

மேற்கோள் என்றால் பாராட்டு என்றும் நினைத்துவிடாதீர்கள். திட்டுவதற்கும் மேற்கோள் காட்டித்தான் ஆக வேண்டும். ஜப்பானில் யோஷிஹிரோ சாட்டோ என்று ஒரு ஆய்வாளர் இருந்தார். பக்கவாதம், பார்க்கின்சன், அல்சைமர் நோயாளிகளுக்கு எலும்பு முறிவைத் தடுப்பது பற்றிக் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதினார், நல்ல ஜர்னல்களில் வந்தன, மற்றவர்கள் நம்பித் தங்கள் தொகுப்பாய்வுகளில் சேர்த்தார்கள். நியூசிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருந்த சில ஆய்வாளர்கள் அவருடைய 33 மருத்துவப் பரிசோதனைகளை எடுத்துக் கணக்குப் போட்டு, இந்த எண்கள் இயல்பாக வந்திருக்க வாய்ப்பில்லை என்று 2016-ல் 'நியூராலஜி' இதழில் எழுதினார்கள். இதுவரை அவருடைய கட்டுரைகளில் 100-க்கும் மேற்பட்டவை திரும்பப் பெறப்பட்டுவிட்டன. அல்சைமர் நோயில் ஒரு குறிப்பிட்ட புரதத்தைக் குற்றவாளியாகக் காட்டிய 2006-ம் ஆண்டு 'நேச்சர்' கட்டுரையும் அப்படித்தான். இரண்டாயிரத்துக்கு மேல் மேற்கோள் வாங்கியது. படங்களில் ஒட்டுவேலை இருப்பதாக 2022-ல் கேள்வி எழுந்தது, 2024-ல் திரும்பப் பெற்றார்கள். வாங்கிய மேற்கோள் வாங்கியதுதான், இயந்திரம் அதைக் கழிக்காது.

2 சதவீதப் பட்டியல் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோப்பஸ் தரவை வைத்து எடுக்கிற கணக்கு அது. உண்மையைச் சொன்னால் கூகுள் ஸ்காலரைவிட ஒழுங்கான வேலை. தனியாக எழுதியதா, முதல் பெயரா, கடைசிப் பெயரா என்று பார்க்கிறார்கள், தன்னைத்தானே மேற்கோள் காட்டியதைக் கழித்தும் தரவரிசை தருகிறார்கள். ஆனால் அது விருது இல்லை, யாரும் விண்ணப்பித்துத் தேர்வாவதும் இல்லை. வாழ்நாள் கணக்கு ஒன்று, ஒரே ஒரு வருஷக் கணக்கு ஒன்று என்று இரண்டு பட்டியல்கள் உண்டு, எதில் பெயர் இருக்கிறது என்பதைக் கல்லூரி வாசலில் வைக்கிற ஃபிளெக்ஸில் போட மாட்டார்கள். உங்கள் முதல் டாக்டர் ஒரு வருஷப் பட்டியலில் இருக்கிறார். நோயாளி எப்படி இருக்கிறார் என்பதற்கு இரண்டிலுமே நெடுவரிசை கிடையாது.

இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் யூஜீன் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர். மேற்கோள்களை வைத்து ஒரு அட்டவணை போடலாமே என்று 1955-ல் எழுதினார், 1964-ல் புத்தகமாகவே கொண்டுவந்தார். ஒரு கட்டுரையிலிருந்து அதைத் தொடர்ந்து வந்த கட்டுரைகளைக் கண்டுபிடிக்கத்தான் அது, எங்கள் மாதிரி நூலகர்களுக்குப் பெரிய வரம். அதை வைத்து ஆளுக்கு மார்க் போடும் பழக்கம் பிறகு ஒட்டிக்கொண்டது.

இவ்வளவு சொன்னதால் இரண்டாமவரிடமே போங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டுரையே எழுதாமல் பிரமாதமாக வைத்தியம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், அழகாக எழுதிவிட்டு நோயாளியின் முகத்தைப் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். தம்பியை கூகுள் ஸ்காலரை மூடிவிட்டு மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் தளத்தில் டாக்டர் பெயரோடு டிபிஎஸ் என்பதன் முழுப் பெயரையும் (deep brain stimulation) சேர்த்துத் தேடச் சொல்லுங்கள், எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தலைப்புகளை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு டாக்டர்களிடமும் நேரில் கேட்க வேண்டியவை இருக்கின்றன. உங்கள் குழு வருஷத்துக்கு எத்தனை பேருக்கு டிபிஎஸ் வைக்கிறது? வைத்த பிறகு மின்தூண்டலைக் கூட்டிக் குறைக்கிற வேலையை யார் செய்வார்கள், அதற்கு முதல் வருஷம் எத்தனை தடவை சென்னைக்கு வர வேண்டும்? மார்புத் தோலுக்கடியில் வைக்கிற பேட்டரி சார்ஜ் செய்கிற வகையா, எத்தனை வருஷம் கழித்து மாற்ற வேண்டும், மாற்ற எவ்வளவு ஆகும்? நான் புரட்டிய கட்டுரைகளில் எல்லாம் அறுவைக்கு முன் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்து எவ்வளவு முன்னேற்றம் என்று அளந்து பார்க்கிறார்கள், ஞாபகசக்தியையும் மனநிலையையும் சோதிக்கிறார்கள். நடுக்கத்தைத் தவிர மற்றபடி, மாத்திரைக்கு அசையாத தொந்தரவு டிபிஎஸ்ஸுக்கும் பெரிதாக அசைவதில்லை என்பதால்தான் அந்தச் சோதனை. அதை எப்போது செய்வார்கள் என்றும் கேளுங்கள்.

கடலைக் கட்டுரைகளைப் பற்றி முதல் டாக்டருக்கு நானே ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டேன், உங்கள் பெயர் அதில் இல்லை. தம்பிக்கு எண்களில்தான் ஆர்வம் என்றால் இன்னொரு கணக்கு கொடுங்கள். ஒரு வாரம் அப்பா மாத்திரை போட்ட நேரம், உடம்பு இளகிய நேரம், மறுபடி கட்டிக்கொண்ட நேரம், கை கால் தானாக ஆடிய நேரம், இவை நான்கையும் ஒரு நோட்டில் மணி, நிமிஷம் போட்டு எழுதச் சொல்லுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.